தரையிலிருந்து படிக்க வேண்டிய ஆலயங்கள்

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைக் கல்லறைக் கற்களை மிதிக்காமல் சுற்றி வருவது கடினம். ஆலய முற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் தளக்கல் போலப் பாவப்பட்டிருக்கின்றன. பெரியவர்கள் அவற்றைத் தாண்டி நேரே உள்ளே போய், ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்த இடம் எது என்று விசாரிப்பார்கள். பிள்ளைகள் அப்படிப் போவதில்லை. குனிந்து உட்கார்ந்து, செதுக்கிய எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். பழைய தேவாலயம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் அந்த விரல் போகும் வழியில் போனால் போதும். கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் முதலில் ஒப்பிக்க வைப்பதுதான் பள்ளிச் சுற்றுலாக்களின் வழக்கம். தரையிலும் சுவரிலும் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினால் ஆண்டும் பெயரும் பின்னால் தாமாக வந்து சேரும்.

புனித மேரி ஆலயத்து முற்றம் எழுப்பும் முதல் கேள்வி எளிமையானது: இந்தக் கற்களுக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா? இல்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் பக்கத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகள் எதிரிக்கு நல்ல மறைவிடமாகப் பயன்பட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும், மறுபடியும் அப்படி நேரக் கூடாது என்று இடுகாட்டை அழித்துக் கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு அங்கேயும் நிம்மதி கிடைக்கவில்லை. ஐதர் அலியோடு போர் மூண்ட 1780களில் கற்களைப் பெயர்த்தெடுத்துப் பீரங்கி ஏற்றும் மேடைக்குப் போட்டார்கள். விளிம்பு உடைந்தும் மூலை பெயர்ந்தும் கிடக்கும் கல்லைப் பார்க்கும் பிள்ளைக்கு முற்றுகை என்ற சொல்லின் பொருள் பாடப்புத்தகத்தில் கிடைப்பதைவிட வேகமாகக் கிடைக்கும்.

அடுத்தது மொழி விளையாட்டு. ஆங்கிலம், லத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மேனியம் என்று பல மொழிகள் அந்த முற்றத்தில் கலந்து கிடக்கின்றன. எந்த எழுத்தைப் படிக்க முடிகிறது, எது படிக்க முடிந்தும் புரியவில்லை, எது எழுத்தென்றே தெரியவில்லை என்று பிள்ளைகளை மூன்று கூறாகப் பிரித்து எண்ணச் சொல்லலாம். லத்தீன் இரண்டாம் கூற்றில் விழும், ஆர்மேனியம் மூன்றாம் கூற்றில் விழும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் யார் யார் வியாபாரம் செய்தார்கள் என்ற பாடம் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது. கற்களில் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. ஆண்டு 1652. கோட்டையின் தலைவராகப் பொறுப்பேற்க வந்த ஆரோன் பேக்கரின் மனைவி அவர். கப்பல் பயணத்தில் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். கல்லின் தேதி ஆலயத்தின் தேதியைவிடப் பழையது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கவேண்டும். 1678 மார்ச் 25 அன்று தொடங்கி 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்ட கட்டடத்தின் வாசலில் 1652 எப்படி வந்தது? இடுகாட்டுக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

கல்லெழுத்தைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி, மழுங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். உள்ளே இருட்டாக இருந்தால் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடிக்கவேண்டும். நோட்டுத் தாளுக்கடியில் நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து சிங்கத் தலையை எடுக்காத பிள்ளை இராது. அதே வித்தைதான் இங்கேயும். மெல்லிய தாளைக் கல்மேல் பரப்பி, மெழுகுப் பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்த்தால் எழுத்து வெள்ளையாகவும் கல் நிறமாகவும் தாளில் வந்துவிடும். கல்வெட்டு ஆய்வாளர்கள் கோயில் சுவர்களில் ஈரத்தாளை அடித்து ஒட்டி எடுக்கும் மைப்படியின் தம்பி இது. ஆலயப் பொறுப்பாளரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் பூசுவது, மாவு தேய்ப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும் வேலைகள். பெரியவர்கள் செய்து வைத்த இந்தக் கெடுதல்களின் தடம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் உண்டு.

தரையிலிருந்து சுவருக்கு வரலாம். புனித மேரி ஆலயத்தின் வெளிச்சுவர் நான்கு அடி கனம். ஜன்னல் விளிம்பில் முழம் போட்டு அளந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று முழத்துக்கும் மேலே வரும். கூரை ஓடும் உத்தரமும் இல்லாத வளைவுக் கூரை, அதுவும் இரண்டடி கனம். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டியது. வரைபடம் போட்டவர் என்று சொல்லப்படும் எட்வர்ட் ஃபௌல் கோட்டையின் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை. சாமி கும்பிடும் இடத்தை ஒரு பீரங்கிக்காரர் எப்படி யோசித்திருப்பார் என்று பிள்ளைகள் சுவரைத் தட்டிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கும் புனித ஆண்ட்ரூ ஆலயம் வேறு ஜாதிக் கட்டடம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1818இல் அடிக்கல் நாட்டி 1821இல் திறந்தார்கள். கட்டியவர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். லண்டனில் உள்ள புனித மார்ட்டின் ஆலயத்தின் முகப்பை மாதிரியாக வைத்துக்கொண்டார். உள்ளே வட்டமான கூடம், பதினாறு தூண்கள், அவை சுமக்கும் குவிமாடம். நீலப் பின்னணியில் பொன் நட்சத்திரங்கள் தெரியும் அந்தக் குவிமாடத்தின் நடுவில் மல்லாந்து படுத்துப் பார்க்கப் பிள்ளைகளை அனுமதிப்பவர் உண்மையிலேயே நல்ல ஆசிரியர். ஆனால் இந்த ஆலயத்தில் பார்க்கவேண்டியதில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில் இருக்கிறது. நிலம் மழைக்காலத்தில் நீர் ஊறும் சதுப்பு. அதன்மேல் இவ்வளவு பாரத்தை வைத்தால் அமிழும். ஆகவே நூற்றைம்பது கிணறுகளைத் தோண்டி இறக்கி, அவற்றை நிரப்பி, அதன்மேல் அடித்தளம் போட்டார்கள். ஈர மணலில் வளையம் மேல் வளையமாக இறக்கும் உறைகிணறு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கீழடியில் அகழ்ந்தெடுத்த உறைகிணறுகளின் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்த உத்தி எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

தூண்களும் ஒரு புதிர் வைத்திருக்கின்றன. பார்த்தால் சலவைக்கல், கன்னத்தை வைத்தாலும் சலவைக்கல் போலவே குளிரும். உள்ளே இருப்பதோ செங்கல். மேலே பூசியிருப்பது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அம்மியில் அரைப்பது போல நைய அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, மேல்பூச்சு மேல்பூச்சாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சென்னையின் பழைய வீடுகளும் அலுவலகங்களும் இந்தப் பூச்சுக்குப் பேர் போனவை. கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வாத்தியார்.

உருவங்களைப் படிப்பதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கையில் வேல் இருந்தால் முருகன், புல்லாங்குழல் இருந்தால் கண்ணன் என்று அடையாளம் காணும் பழக்கம் வீட்டிலேயே வந்துவிடுகிறது. மாதா கோயில்களில் நிற்கும் சுரூபங்களும் அதே இலக்கணத்தில்தான் செய்யப்பட்டவை. சாவி வைத்திருப்பவர் இராயப்பர். வாள் வைத்திருப்பவர் சின்னப்பர். உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார். லீலி மலரும் கையில் குழந்தை இயேசுவும் இருந்தால் அந்தோணியார். குதிரைமேல் வந்தால் சந்தியாகப்பர். சீர்திருத்த சபையார் பேதுரு, பவுல் என்று சொல்வதும் கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர் என்று சொல்வதும் ஒரே ஆட்களைத்தான். எந்தச் சாமி எந்தப் பொருளை வைத்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றும் பிள்ளைகளை யாரும் மேய்க்க வேண்டியிருக்காது.

பரங்கிமலையின் உச்சியில் உள்ள ஆலயத்தின் பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவை இந்த விளையாட்டின் அடுத்த படி. 1547இல் அங்கே கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பகலவி, அதாவது பழைய பாரசீகத்தின் ஒரு வடிவம். மேலே ஒரு புறா இறங்குகிறது, கீழே இலைகள் விரிகின்றன. சிலுவையைச் சூழ்ந்த வளைவு நம் கோயில் வாசல்களின் மகர தோரணத்தை நினைவூட்டும். பாரசீக எழுத்தும் இந்தியத் தோரணமும் கிறிஸ்தவச் சின்னமும் ஒரே கல்லில் இருப்பதைப் பார்த்தபின், போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் இந்தக் கரைக்குக் கிறிஸ்தவம் வந்தது என்று யாராவது சொன்னால் பிள்ளைகளே திருத்துவார்கள். விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மரியாளுக்குத் தமிழ்ப்பெண் கோலம் கொடுத்துப் பெரியநாயகி என்று பெயர் வைத்ததும் அதே வரிசையில் வரும். அங்கே சுரூபத்தின் முகத்தை விட்டுவிட்டு உடையை மட்டும் கவனிக்கச் சொல்லவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான கலைப்பொருள் தஞ்சாவூரில் இருக்கிறது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயம் 1779இல் கட்டப்பட்டது. உள்ளே ஒரு வெண்சலவைக்கல் புடைப்புச் சிற்பம். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது, செய்வித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி மரணப் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அரசருடைய ஆட்கள் இருவர் அருகில் நிற்கிறார்கள், தலைமாட்டில் சக குருவானவர். படுக்கையை ஒட்டி மூன்று சிறுவர்கள், சுவார்ட்ஸ் நடத்திய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு மன்னர் தன் ஆசானுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பார்க்க வரும் பிள்ளைகளின் கண் முதலில் அந்த மூவரிடம்தான் போகும்.

சிற்பத்தின் பின்னால் உள்ள கதையும் பெரியது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்தார். துளஜா மன்னர் தத்தெடுத்த சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்து கல்வி கற்பித்தார். 1798 பிப்ரவரி 13 அன்று இறந்தார். சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டில். பாளையங்கோட்டையிலிருந்து சுவார்ட்ஸ் அழைத்துவந்து படிக்கவைத்த சிறுவன்தான் பிற்காலத்தில் கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சரபோஜிக்கும் அவருக்கும் இருந்த நட்பு ஊரறிந்தது. தஞ்சாவூரை ஒருநாளும் பார்க்காத சிற்பி ஃபிளாக்ஸ்மன். ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க வேலை ஒன்று உண்டு: தலைப்பாகை, உடை, கட்டில், முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எது தஞ்சாவூர், எது லண்டன் என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். கலை விமரிசனம் என்பது அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. இதே சுவார்ட்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய நினைவுச் சின்னம் சென்னைக் கோட்டை ஆலயத்தில் இருக்கிறது, அது ஜான் பேக்கன் என்ற வேறொரு சிற்பியின் வேலை. இரண்டையும் பார்க்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தஞ்சாவூர்ச் சிற்பமே மனசில் நிற்கும்.

பொருள்களில் மணியும் ஞானஸ்நானத் தொட்டியும் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பாரிமுனைக்கு அருகே ஆர்மேனியன் தெரு இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது அரண்மனைக்காரத் தெரு ஆனது. அரண்மனை ஏதும் அங்கே இருந்ததில்லை, ஆர்மேனியர் என்ற சொல் நாக்கில் புரண்ட விதம் அது. 1772இல் அங்கே மீண்டும் கட்டப்பட்ட ஆர்மேனிய ஆலயத்தின் மணிக்கூண்டில் ஆறு மணிகள். அவற்றில் பழைய மணி ஒன்றை 1808இல் மறுபடி வார்த்தபோது தமிழ் எழுத்தும் பொறித்தார்கள். இரண்டு மணிகள் 1837இல் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பட்டறையில் செய்தவை. வழிபடுவதற்குச் சென்னையில் ஆர்மேனியக் குடும்பங்கள் இல்லாமல் போன பின்னும் மணிகள் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794இல் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். அதை நடத்திய ஷமாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை இந்த ஆலய வளாகத்திலேயே இருக்கிறது.

கோட்டை ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கும் 1689இல் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. சார்னாக் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் போட்ட கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லின் வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் புத்தகங்களில் நிற்கும் பெயர் அது. அந்த வகைக்கு மூல இடமாகக் கொள்ளப்படுவது பல்லாவரம். குவாரியும் ஜல்லி லாரியும் பார்த்து வளரும் பல்லாவரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

பதிவேடுகள் தொட்டுப் பார்க்கும் பொருளல்ல, ஆனாலும் பிள்ளைகளை ஈர்க்கும். புனித மேரி ஆலயம் திறந்த சில நாளிலேயே, 1680 நவம்பரில், எலைகு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் திருமணம் நடந்தது. அங்கே பதிவான முதல் திருமணம் அது. 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலின் திருமணம். யேல் பின்னர் சென்னையின் ஆளுநரானார். 1718இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்ற பணத்துக்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதுதான் யேல் பல்கலைக்கழகம். இந்தக் கதையைச் சொல்லும்போது மறுபாதியையும் சொல்லியாகவேண்டும். யேல் காலத்துக் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள், கோட்டையின் குறிப்பேடுகளில் அது இருக்கிறது. அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. யேலின் சிறு வயதில் இறந்த மகன் டேவிட்டின் நினைவுக் கூம்பு, பழைய இடுகாடு இருந்த முன்னாள் சட்டக் கல்லூரி வளாகத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மகனை இழந்த தகப்பனும் மனிதர்களைக் கப்பலேற்றிய அதிகாரியும் ஒரே ஆள்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பழகாதவர்கள்.

அதைவிடக் கடினமான பாடம் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கட்டிய திருக்குடும்பக் கோயிலின் தரைப்படத்தைத் தாளில் வரையச் சொன்னால், கால்சட்டையை விரித்துப் போட்டது போல வரும். இரண்டு நீண்ட கூடங்கள் கோணலாக வந்து ஒரே பீடத்தில் கூடுகின்றன. சாதியால் பிரிந்த இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பீடத்தை மட்டும் பார்க்கும்படி கட்டிய கட்டடம் அது. நடுவில் இருந்த தடுப்பு 1910இல் எடுக்கப்பட்டது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கட்டடத்தின் வடிவம் ஏன் இப்படி என்று பிள்ளை கேட்கும்போது, பக்தர் கூட்டம் அதிகம் என்று சொல்லி மழுப்புவது எளிது. உண்மையான பதில் இரண்டே வாக்கியம்தான், அதைச் சொல்வதற்குத்தான் தயக்கம். பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சு, தனித் தம்ளர் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பதில் அந்நியமாகவும் இராது.

இந்தக் கட்டடங்களுக்குள் பிள்ளைகள் விருந்தாளிகளாக வந்தவர்கள் அல்லர், தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைகள். இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என்று போற்றப்படும் தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில் வந்தது, அதுவும் வேதபாடம் கற்பிக்கும் சிறு புத்தகம்தான். சென்னைக் கோட்டையில் புனித மேரி ஆலயத்தின் தர்மப் பள்ளிக்கூடம் 1715இல் தொடங்கியது. இன்று கீழ்ப்பாக்கத்தில் நடக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி அதன் வழிவந்தது. இந்தப் பள்ளிகள் எல்லாம் பிள்ளைகளை மதத்துக்குள் கொண்டுவருவதற்காக நடந்தவை. இப்போது பழைய ஆலயத்துக்குப் போகும் பள்ளிக் கூட்டத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் அங்கே தேடுவது ஊரின் வரலாற்றை. இந்த வித்தியாசத்தைப் பெற்றோரிடமும் ஆலயத்தாரிடமும் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி நடைமுறை. ஞாயிறு காலையும் பூசை நேரமும் கல்யாண நாளும் இதற்கு ஆகாது. கிராமத்து மாதா கோயில்களில் செருப்பை வெளியே விடும் வழக்கம் உண்டு, நகரத்துச் சில ஆலயங்களில் இல்லை. வாசலில் கிடப்பதைப் பார்த்து நடந்துகொண்டால் சரி. கோட்டைக்குள் போவதென்றால் தலைமைச் செயலகக் காவலைக் கடக்கவேண்டும், ஆகவே அடையாள அட்டை தேவைப்படும். ஐம்பது பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் ஒருவரும் எதையும் பார்க்கமாட்டார்கள். ஏழெட்டுப் பேராகப் பிரித்து, ஒரு குழு தரையையும் இன்னொன்று சுவரையும் மற்றொன்று உருவங்களையும் பார்த்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளட்டும். வழிகாட்டியைத் தேடுவதற்கு முன் கோயில்பிள்ளையைத் தேடவேண்டும். மணி அடிப்பவரும் விளக்கேற்றுபவரும் சாவி வைத்திருப்பவரும் அவர்தான். எந்த ஜன்னல் எந்த ஆண்டு மழையில் உடைந்தது, எந்தக் கல்லைத் தேடி யார் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை, அவர் நினைவில் இருக்கிறது.

பிள்ளைகளோடு போகத்தக்க இன்னொரு ஊர் தரங்கம்பாடி. அங்கே ராஜா தெருவில் இரண்டு பழைய ஆலயங்கள். 1701இல் டென்மார்க்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம் ஒன்று. தமிழ்ச் சபைக்காக 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று. முன்பு இருந்த எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோனது, அதனால்தான் இது புதிய எருசலேம். ஒரே தெருவில் ஏன் இரண்டு என்ற கேள்வியை வடக்கன்குளம் பார்த்த பிள்ளை உடனே கேட்கும். முகப்பில் கிரீடத்தோடு பொறித்திருப்பது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெட்ரிக்கின் முத்திரை.

இந்த ஆலயத்தைக் கட்டிய பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலையில் கரையிறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துப் படித்தார். அதற்குப் பத்து ஆண்டுக்குள் புதிய ஏற்பாடு தமிழில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து வந்துவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் இறந்தார். அவரை அடக்கம் செய்தது ஆலயத்துக்குள், பீடத்தின் முன்பு. அங்கே பிள்ளைகள் படிக்கவேண்டியதும் தரையைத்தான். ஞாயிறுதோறும் ஆலயத்தில் தமிழில் வழிபாடு நடக்கிறது. மற்ற நாளில் போகிறவர்கள், சாவி யாரிடம் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.